கதவின் வயிறு

"என்னோட காருல என்னோடது ஒண்ணுமே இல்லீங்க, அம்மணி" என்றார் வெள்ளிங்கிரி.

மரகதம் நிமிரவில்லை. பட்டறைத் தரையில் உட்கார்ந்து, ஒரு வேனின் மட்கார்டை மடியில் சாய்த்து, அதன் நெளிவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"திருட்டுக் காருங்களா?"

"இல்லீங்க. முழுசாக் காசு குடுத்து வாங்கினது."

"அப்புறம் என்ன?"

அதற்குப் பதில் சொல்லத்தான் அவர் சிங்காநல்லூர் வரைக்கும் வந்திருந்தார்.  வெயிலில் தகரக் கூரை முறுக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. முப்பது வருஷம் பம்ப்செட் வார்ப்படக் கம்பெனி நடத்தினார். அதை மகள் கையில் ஒப்படைத்துவிட்டு, இனிமேல் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஒரு கார் வாங்கினார். அப்பா காலத்து மாடல். கூடு மட்டும்தான் பழசு. பெங்களூரில் ஒரு கடை அதற்குள் புது எஞ்சினை இறக்கி, வெளிநாட்டுச் சக்கரமும் சைலன்சரும் மாட்டி, மாதுளம்பழ நிறத்தில் பெயின்ட் அடித்துக் கொடுத்தது. வெள்ளிங்கிரி செய்ததெல்லாம் படம் போட்ட புத்தகத்தைப் புரட்டி, இது, இது, அப்புறம் இது என்று விரல் வைத்ததுதான்.

அந்தக் கார் ஒரு கண்காட்சியில் முதல் கோப்பை வாங்கியது. கோப்பையோடு நின்றவரிடம் கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து, முன்பக்கம் இவ்வளவு தாழ்ந்திருக்கிறதே, என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும் என்று இவர் சிரித்தார். அவளும் சிரித்துத் தலையசைத்துவிட்டு அடுத்த காருக்குப் போனாள். அந்தக் காரின் சொந்தக்காரன் சட்டையெல்லாம் கிரீஸோடு அதன் அடியில் படுத்திருந்தான். அவனோடு அவள் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

நடந்தது அவ்வளவுதான். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு சாவியைத் திருப்பும்போதெல்லாம், யாரோ இரவல் கொடுத்த வண்டியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்த மாதிரிக் கார்க்காரர்கள் அவிநாசி ரோட்டில் கூடுவார்கள். அங்கே போவதை நிறுத்தினார். கார் மேல் உறை ஏறியது. நாலு மாதமாக அந்த உறையை எடுக்கவில்லை.

இதையெல்லாம் சொல்ல நினைத்து, கடைசியில் அவர் சொன்னது வேறு.

"எனக்குக் கத்துக்குடுங்க. எனக்குனு ஒரு காரை நானே கட்டோணும். இந்தக் கையால."

மரகதம் இப்போதுதான் நிமிர்ந்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பஸ் பாடி கட்டும் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் தகரம் அடித்துவிட்டு, இந்தப் பட்டறையைப் போட்டிருந்தாள். மற்றவர்கள் பள்ளத்தைப் பட்டி பூசி மறைப்பார்கள், இவள் தட்டியே நேராக்கிவிடுவாள் என்று ஊரில் ஒரு பேச்சு. அதைக் கேட்டு, இதே ஆசையோடு இதற்கு முன் ஆறு பேர் வந்திருந்தார்கள். ஒருவரும் பத்து நாள் தாண்டவில்லை.

அவள் முகத்தில் சலிப்புத்தான் இருந்தது. மூலையில் கிடந்த ஒரு நசுங்கிய தகரத்தைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"இதை நேராக்குங்க."

நேராக்க அவருக்கு நாலு மாதம் ஆயிற்று.

*

தினமும் பத்து மணிக்கு வருவார். ஐந்து மணிக்குப் போவார். மதியம் சாப்பிட்டதும் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவார். விரல்கள் வீங்கின. தோளில் தைலம் தேய்த்துத் தேய்த்து, வீட்டில் படுக்கைக்கே அந்த வாசம் வந்துவிட்டது. ஒரு பக்கம் தட்டினால் தகரம் மறுபக்கம் புடைத்தது. அதைத் தட்டினால் நடுவில் குழிந்தது.

மரகதம் அவருக்கு எதுவும் விளக்கவில்லை. அவள் வேலையை அவள் பார்த்தாள்.

ஒருநாள் அவர் சுத்தியலைக் கீழே போட்டார்.

"தகரம் சொன்னபடி கேக்க மாட்டேங்குதுங்க."

"அது சொல்றதை நீங்க கேட்டீங்களா?"

வெள்ளிங்கிரிக்குக் கோபம் வந்துவிட்டது. தகரம் என்ன சொல்லும்? செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இவரும் போய்விட்டார் என்று மரகதம் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு வந்து நின்றார். ஏன் வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டில் சும்மா உட்காரவும் அலுப்பாக இருந்தது.

அன்றைக்கு மெதுவாகத் தட்டினார். தட்டிவிட்டு நிறுத்தினார். தளர்ந்த இடம் 'லொட' என்றது. இறுகிய இடம் 'டங்' என்றது. இத்தனை நாளும் அது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பத்தாவது மாதம் ஒரு ஆம்புலன்ஸின் நசுங்கிய கதவை அவரிடம் விட்டாள் மரகதம். ஒன்பது நாள் பிடித்தது. முடிந்ததும் அவள் வந்து, உள்ளங்கையால் மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினாள். அடுத்த கதவை எடுத்து வைத்தாள்.

அன்று வெள்ளிங்கிரிக்குத் தோள் வலிக்கவே இல்லை.

அதற்கப்புறம் அவர் கொஞ்சம் மாறிப்போனார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அவிநாசி ரோட்டுக்குப் போனார். ஸ்கூட்டரில் போனார். வரிசையாக நின்ற கார்களைப் பார்த்தபடி நடந்து, வாங்கினது, வாங்கினது, இதுவும் வாங்கினது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வாய்விட்டே சொன்னார். பழைய சினேகிதர் ஒருவர் முகம் சுருங்கி, தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதை மரகதத்திடம் சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு, தன் முடிவையும் சொன்னார்.

"அந்தச் சிவப்புக் காரை வித்துப்போடலாம்னு இருக்கறேங்க. அது கடையில வாங்கின பொம்மை. ஒரு பழைய கூடு எடுத்து, நானே கட்டப்போறேன்."

மரகதம் டீ குடித்துக்கொண்டிருந்தாள். மீதியைக் குடித்து முடித்தாள்.

"விக்கறதுக்கு முன்னால ஒருக்கா இங்க கொண்டாங்க."

*

கொண்டுவந்தார். உறைக்குள் இருந்த வண்டி வெயிலில் பளபளத்தது. மரகதம் அதைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை.

"கண்ணை மூடுங்ணா" என்றாள்.

மூடினார். இடது கதவின் மேல் கையை வைக்கச் சொன்னாள். தடவச் சொன்னாள். பிறகு முழங்கையைப் பிடித்துச் சுற்றி அழைத்துப்போய், வலது கதவில் கையை வைக்கச் சொன்னாள். அவர் தடவினார். திரும்பவும் இடது பக்கம் கூட்டிப்போகச் சொன்னார். மறுபடி வலது பக்கம்.

"ரெண்டும் ஒண்ணு இல்லீங்களே."

இடது கதவுக்கு லேசாக ஒரு வயிறு இருந்தது. குடத்தில் தளும்பி நிற்கும் தண்ணீர் அளவுக்கு, அவ்வளவுதான். வலது கதவு சப்பையாக இருந்தது.

"எது சரி?"

வாங்கின நாள் முதல் அவர் ஏறி இறங்கிய கதவு வலது கதவு. கண்ணுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. கைக்கு இப்போது உடனே தெரிந்துவிட்டது.

"இடதுதாங்க. இந்த மாடலுக்கு வயிறு உண்டு. இது சப்பையானது தப்பு."

"அப்ப அதைக் கழட்டிப் பாருங்க."

கதவைக் கழற்றித் தரையில் போட்டார். உள்பக்கத்து அட்டையை எடுத்தார். உள்ளே பெயின்ட் இல்லை. வெறும் தகரம். துருப்பிடித்த பழைய கதவுக்குப் பதில் கையாலேயே புதிதாக அடித்தது. அதில் சுத்தியல் பட்ட தடங்கள், மீன் செதிள் மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று, ஒரே அளவில்.

வெள்ளிங்கிரி குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். பத்து மாதம் தட்டியவருக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று புரிந்தது. இன்னும் பத்து வருஷம் தட்டினாலும் தன்னால் ஆகாது என்பதும் புரிந்தது.

தடங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. வழக்கமான பக்கம் இல்லை.

"இடது கைக்காரருங்க" என்றார்.

"ம்."

"வயிறை இவர்தான் அழகா ஏத்தியிருக்காரு." விரலை நகர்த்தினார். அந்தத் தடங்களுக்கு மேலேயே, புடைப்பைச் சுருக்கத் தீ காட்டிய நீல வட்டங்கள் இருந்தன. அவற்றைச் சுற்றிலும் மறுபடி சுத்தியல் தடம். அதே சாய்வு. "அப்புறம் இவரே இறக்கியிருக்காரு. முடிஞ்ச வேலையை எதுக்குங்க அவரே கெடுத்தாரு?"

"எனக்கு எப்படிங்ணா தெரியும்?"

வெள்ளிங்கிரிக்குத் தெரிந்தது. கேள்வி வாயை விட்டு இறங்குவதற்குள் தெரிந்துவிட்டது.

காரை எடுக்கப் பெங்களூர் போன நாள். கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே வண்டி நின்றது. ஓட்டுநர் பக்கம் நின்று பார்த்தபோது, கதவில் விளக்கின் பிம்பம் வளைந்து தெரிந்தது. இத்தனை விலை கொடுத்து வாங்கும் வண்டியில் ஒரு கோடு நேராக விழவில்லையே என்று அவருக்கு ஆத்திரம். எல்லாரும் கேட்கத்தான் சொன்னார்: வேலை தெரியாதவன் கையில கொடுத்திருக்கீங்க, தட்டி நேராக்கச் சொல்லுங்க. கடைக்காரர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஆகட்டும் சார் என்றார். பின்னால் ஓர் ஒல்லியான ஆள் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பதினைந்து நாள் கழித்துக் கார் தயாரானது. விளக்கு நேராக விழுந்தது. வெள்ளிங்கிரி திருப்தியாக ஓட்டிக்கொண்டு வந்தார்.

எல்லாவற்றையும் மரகதத்திடம் சொன்னார். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று, ரொம்பக் களைத்துப்போனார்.

"நான் இப்ப என்னங்க பண்றது?"

மரகதம் டீ தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"கதவு கனமா இருக்கும். பழைய வேட்டி ஏதாச்சும் சுத்தி எடுத்துட்டுப் போங்க."

*

பஸ்ஸில் போனார். கண்டக்டர் கதவுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். பக்கத்து சீட்டுக்காரர், வீட்டுக் கதவா என்று கேட்டார். கார்க் கதவு என்றதும், மீதிக் கார் எங்கே என்று கேட்டார். வெள்ளிங்கிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெங்களூர்க் கடைக்காரர் முதலில் பதறினார். கதவில் குறை இருந்தால் புதுசாகவே வரவழைத்து மாட்டிவிடலாம், இதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டுமா என்றார். குறை இல்லை, இதைச் செய்தவரைப் பார்க்க வேண்டும் என்றார் வெள்ளிங்கிரி. கடைக்காரருக்கு யாரென்று ஞாபகம் வரவில்லை. இடது கைக்காரர் என்றதும் பெயரே வந்தது: சம்பங்கி. அவருக்குத் தோள் போய்விட்டது, அதனால் வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம் என்றார். ஓசூரில் லாரி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கோ இருப்பதாகக் கேள்வி.

ஓசூரில் மூன்று இடத்தில் விசாரித்தார். வேட்டி அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. கதவின் விளிம்பு தோளை அறுத்தது. ஒரு டயர்க் கடைக்குப் பின்னால், தார்ப்பாய் நிழலில், ஷேர் ஆட்டோவின் பம்பரை நிமிர்த்திக்கொண்டிருந்தார் சம்பங்கி. வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். சுத்தியலை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்கவில்லை. சின்னச் சின்னதாகத் தட்டினார்.

வெள்ளிங்கிரி கதவை இறக்கி வேட்டியை எடுத்தார்.

சம்பங்கி இவர் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து, இடது உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்தார். எடுக்கவே இல்லை.

மூன்று நாளாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளை வெள்ளிங்கிரி சொன்னார்.

"நீங்க முதல்ல பண்ணினதுதாங்க சரி. நான்தான் தப்புன்னேன். வேலை தெரியாதவன்னும் சொன்னேன். மன்னிச்சுக்கோங்க."

"நீங்களா சார்?" என்றார் சம்பங்கி. "ஆளு ஞாபகம் இல்லையே."

கை கதவின் மேல் நகர்ந்தது.

"இது ஞாபகம் இருக்கு."

திட்டியிருந்தால் வெள்ளிங்கிரி தாங்கியிருப்பார். கதவை இங்கேயே வைத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவ்வளவு அலுப்பாக இருந்தது.

"இதைப் பழையபடி பண்ண முடியுங்களா?" என்று கேட்டார்.

"முடியும். உள்பக்கத்து அட்டையை எடுத்தது யாரு?"

"நான்தாங்க."

சம்பங்கி அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். காய்த்துப்போன இடங்களைப் பெருவிரலால் அழுத்தினார். பிறகு ஒரு இரும்புக் கட்டியை எடுத்து, கதவை நிமிர்த்திச் சாய்த்து, அதன் வெளிப்பக்கம் முட்டுக்கொடுத்துப் பிடித்தபடி உட்கார்ந்தார். சுத்தியலை இவர் பக்கம் நீட்டினார்.

"எனக்குத் தோள் ஏறாது. நான் பிடிச்சுக்கறேன். நீங்க உள்ளேர்ந்து அடிங்க."

வெள்ளிங்கிரி சுத்தியலை வாங்கினார். மீன் செதிள் தடங்களைப் பார்த்தார். கை எழவில்லை.

"கெட்டுப்போச்சுன்னா?"

சம்பங்கி கட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஏற்கெனவே ஒருதரம் கெடுத்ததுதானே சார். அடிங்க."