வெள்ளையைச் சிவக்க வைத்தது யார்?

ஈரோட்டில் நாச்சிமுத்துவின் துணி அச்சுப் பட்டறைக்கு வாசல் காவல் நான். எங்கள் பாய்லர் விட்ட ஆவியில், மேலே பறந்த கொக்கு வெந்து விழுந்தது என்று ஒருமுறை சொன்னேன். அதை இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. இந்தக் கதையில் கொக்கு கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன், விடையை நீங்கள் சொல்லுங்கள்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அச்சடித்த சாயம் நூலைப் பிடிக்க, சாயப் பசையில் சோடா உப்பும் அப்புறம் நல்ல ஆவியும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் முதல் அலசலிலேயே பூ வெளிறிப்போகும். நூலைப் பிடிக்காமல் மேலாக ஒட்டிக்கிடக்கும் மிச்சச் சாயத்தைக் கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை அலசி எடுக்க வேண்டும்.

ஒரு கல்யாண வீட்டுக்காக நாற்பத்திரண்டு சீலை அடித்தோம். வெள்ளைத் துணியில் சிவப்புத் தாமரை. சலவைத் தொட்டியில் வேலாத்தா துணி அலசிக்கொண்டிருந்தபோது, வழக்கம்போல நான் வாசலிலிருந்து குரல் கொடுத்தேன்.

"வேலாத்தா! கல்யாண வீட்டு வேன் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிருச்சாம். பொண்ணோட அப்பன் மீசையை முறுக்கிக்கிட்டு முன்னாடியே உக்காந்திருக்கானாம்!"

மறுநாள் மத்தியானம் வேன் வந்து சீலைகளை ஏற்றிக்கொண்டு போனது.

கல்யாணத்தன்று எங்கள் சீலைகளைக் கட்டிக்கொண்டு சீர்த்தட்டு எடுத்துவந்த பெண்கள் மழையில் மாட்டிக்கொண்டார்கள். வெள்ளையெல்லாம் சிவந்துவிட்டது. அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டார் தாலி கட்டவிடாமல் ஒரு மணி நேரம் இழுத்தடித்தார்களாம். மணப்பெண் அழுத அழுகையைச் சொல்லிச் சொல்லி நாச்சிமுத்து கத்தினார். நனைந்த சீலை ஒன்றை மேசையில் விரித்தார். சுவரில் மாட்டியிருந்த மாதிரித் துணியில் இருந்த அதே அடர்த்தியில் தாமரை அப்படியே இருந்தது. சுற்றியிருந்த வெள்ளைதான் ரோஜா நிறம்.

"செஞ்சது யாரு? அவங்க நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம்."

ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள் என்று பார்த்தேன். நடந்தது வேறு.

"நாந்தானுங்க," என்றான் சாயம் கலக்கும் காளியண்ணன். "அளவுக் கரண்டி அகப்படல. சோடாவைக் கையால அள்ளிப் போட்டுட்டேன்."

"அவன் கெடக்கறானுங்க," என்றான் ஆவி அறையைப் பார்க்கும் குப்புராஜ். "நான் டீ குடிக்கப் போயிட்டனுங்க. அந்நேரம் ஆவி இறங்கியிருக்கும்."

வேலாத்தா தலை நிமிரவில்லை. "ரெண்டாவது சோப்புத் தண்ணி நான் போடலீங்க. அவசரத்துல விட்டுட்டேன்."

"என்ன பெரிய அவசரம்?"

அவள் ஒரு கணம் வாசல் பக்கம் பார்த்தாள். மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று பேரும் குற்றத்தை ஏற்றுக்கொண்டார்கள். வேலை போகவேண்டியது ஒருவருக்கு. சொல்லுங்கள், அந்த வெள்ளையைச் சிவக்க வைத்தது யார்?

விடை: தாமரை வெளிறவில்லை. ஆகவே சோடாவிலும் குறையில்லை, ஆவியிலும் குறையில்லை. தங்கிவிட்ட மிச்சச் சாயம்தான் மழையில் இறங்கியது. வேலாத்தா என்று சொல்லியிருப்பீர்கள். நாச்சிமுத்துவும் அப்படித்தான் சொன்னார். ஆனால் மறுநாள் வந்த வேன், முந்தின நாளே எப்படி பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்? அந்த வேன்தான் என் கொக்கு; அதை நம்பித்தான் அவள் அவசரப்பட்டாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சோறு கொண்டுவந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற மாதிரி, "வரட்டுங்களா அப்பாரு," என்று கிழவன் என்னிடம் சொல்லி வாசலைக் கடந்தாள். வாய் ஓயாத எனக்கு அன்றைக்குப் பார்த்து ஒரு சொல்லும் வரவில்லை.