காலி மேசையில் ஒரு டைட்ரேஷன்

பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் கல்லூரிப் பாடம் நடத்த இரண்டு கல்லூரிகள் கிளம்பின. ஒன்றில் நல்ல வாத்தியார்கள், மற்றதில் நல்ல ஆய்வகம். சேர்ந்து நடத்தலாமே என்றால், வாத்தியார்கள் இருந்த கல்லூரியின் முதல்வர் அம்பலவாணன் முறைத்தார்.

“அவங்க லேப் நமக்கெதுக்கு? செய்முறையை இங்கேயே செஞ்சு காட்டுங்க. இல்லாட்டி சர்டிபிகேட் கிடையாது” என்று வகுப்புக்கே வந்து, முன்னால் இருந்த காலி மேசையைக் காட்டினார்.

மாணவி செல்வக்கனி எழுந்து போய், வெறுங்கையில் குடுவை இருப்பதுபோல் பிடித்துச் சுழற்றினாள்.

“என்னம்மா பண்றே?”

“டைட்ரேஷன் சார். அமிலத்துல காரத்தைச் சொட்டுச் சொட்டா விடுறேன், இப்பத்தான் இளஞ்சிவப்பா மாறுது.”

“எனக்கொண்ணும் தெரியலையே.”

“இங்கேருந்து பார்த்தா தெரியாது சார். அவங்க லேப்ல நின்னு பார்த்தாத்தான் தெரியும்.”

வகுப்பே சிரித்தது. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளும் வாத்தியார்களும் அந்த ஆய்வகத்துக்குப் பஸ் ஏறியபோது, முன்சீட்டில் அம்பலவாணன் உட்கார்ந்திருந்தார், நிறம் மாறுவதைப் பார்க்க.