கூடைக்குள் எட்டிப் பார்த்த குதிரை

முன்னொரு காலத்தில் நெடுவயல் நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவு மதியச் சாப்பாட்டுக்குள் மாறிவிடும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனைக் குதிரைக்குட்டிகளை ஊர்க்காரர் வீட்டில் இரண்டு வருஷம் வளர்க்க விடுவார்கள், மனுஷர் சத்தம் பழகட்டும் என்று. பிறகு குறித்த நாளில் குதிரை தானாகவே கோட்டைவாசலுக்குள் நடந்து வரவேண்டும். வராத குதிரையை உப்பு வண்டி இழுக்கத் தள்ளிவிடுவார்கள்.

புட்டு விற்கும் பூவாத்தாளுக்கு வாய்த்தது முல்லை என்ற பெண்குதிரை. அப்பப்பா, அது படுத்திய பாடு! திறந்த கதவு பக்கமே போகாது, சாத்திய கதவை மூக்கால் தள்ளித் திறக்கும். புட்டுப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்க்காமல் அதற்குப் பொழுது விடியாது. பூவாத்தாள் பக்கத்து வீட்டுக்காரியோடு குசுகுசுவென்று பேசினால், நடுவில் அதன் தலை வந்து நிற்கும். திட்டிக்கொண்டேதான் வளர்த்தாள். ஆனால் அது உப்பு வண்டியில் பூட்டப்படும் என்று நினைத்தாலே ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

குறித்த நாளும் வந்தது. கோட்டைக் கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். முல்லை வாசலில் நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. வெல்லம் காட்டினார்கள், கரும்பு காட்டினார்கள். ம்ஹூம்!

லாயத்து அதிகாரி தாண்டவராயருக்கு ஒரே கொண்டாட்டம். போன மாசம் இதே குதிரை அவரைச் சாணிக்குழியில் தள்ளியிருந்தது.

"புட்டுக்காரி வளர்த்த குதிரை வேறெப்படி இருக்கும், பிரபு? உப்பு வண்டியைக் கூப்பிடட்டுமா?"

முற்றத்தில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்த ராஜாவுக்கும் கோபம். "குதிரை என்னிடம் வரட்டும். அது உள்ளே வரும்வரை நான் இந்த ஆசனத்தை விட்டு இறங்கமாட்டேன். இது சத்தியம்!"

பூவாத்தாள் கும்பிட்டாள். "மகாராசா, ஒரே ஒரு வாய்ப்புக் கொடுங்க. எல்லாரையும் உள்ளே வரச்சொல்லி, கதவைச் சாத்தச் சொல்லுங்க. தாழ் போடவேண்டாம்."

"திறந்த வாசலிலேயே வராத குதிரை, சாத்திய கதவிலா வரும்?" என்று தாண்டவராயர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ராஜாவுக்கு இது புதுசாக இருந்தது. "சாத்துங்கள்" என்றான்.

பூவாத்தாள் முற்றத்து நடுவில் தன் புட்டுக்கூடையை வைத்தாள். மேலே துணி மூடியிருந்தது. குனிந்து துணியின் ஓரத்தைத் தூக்கி, "ஆத்தாடி!" என்றாள் மெதுவாக.

இரண்டு காவலர்கள் கிட்ட வந்தார்கள். "என்னம்மா?"

"சத்தம் போடாதீங்க… அடேயப்பா!"

மந்திரி வந்தார், புரோகிதர் வந்தார், சமையற்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். ஒருவர் முதுகுமேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். கிரீச்சென்று கோட்டைக்கதவு அசைந்தது. யாரும் திரும்பவில்லை. பூவாத்தாளின் வலது தோளில் சூடாக ஒரு மூச்சு விழுந்தது. முல்லை! சந்தோஷத்தில் அவள் கண் நிறைந்துவிட்டது.

இடது தோள் பக்கமும் ஒரு மூச்சு. திரும்பிப் பார்த்தால், கிரீடம் சாய்ந்த ராஜா!

அவள் துணியை எடுத்தாள்.

"கூடையில் ஒன்றுமே இல்லையே!" என்றான் ராஜா.

"முல்லையும் அதைத்தான் பார்க்குது, மகாராசா."

ராஜா குதிரையைப் பார்த்தான், காலியான சிம்மாசனத்தைப் பார்த்தான். "யார் முதலில் வந்தது? நானா, இதுவா?"

"மகாராசா சத்தியம் தவறுவாங்களா? முல்லை ஒரு எட்டு முந்தி வந்துட்டுது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். அப்போதுதான் கீழே பார்த்தான். எல்லாருக்கும் முன்னால் மண்டியிட்டு, கூடைக்குள் தலையையே விட்டிருந்தார் தாண்டவராயர்.

"முல்லை இனி என் சொந்தக் குதிரை. ஆனால் பூவாத்தாள் வீட்டிலேயே இருக்கட்டும், மாதச் சம்பளம் அவளுக்கு. தினமும் அதை இங்கே அழைத்துவருவது தாண்டவராயர் பொறுப்பு."

அன்றிலிருந்து தினமும் காலையில் தாண்டவராயர் மூடிய கூடையைத் தலையில் சுமந்து தெருவில் வருவார். பின்னால் முல்லை வரும், அதன் பின்னால் பாதி ஊர் வரும். முற்றத்தில் கூடையை இறக்கியதும் முதலில் துணியைத் தூக்கிப் பார்ப்பது மட்டும் ராஜாதான்.