துரை எழுதிய ஐந்து ரவுண்டு

மேற்கு மலையின் நிழல் விழுகிற இடத்தில், முன்னொரு காலத்தில், மஞ்சுமலைச் சீமை என்றொரு சின்ன நாடு இருந்தது. அதை கோமதிமுத்து ராஜா ஆண்டுவந்தார். வருஷத்தில் பாதி நாள் மலையிலிருந்து மஞ்சு இறங்கி ஊரை மூடிக் கிடக்கும். ராஜாவும் அந்த மஞ்சு மாதிரிதான். பேசிக்கொண்டே இருப்பார், சாளரத்தைப் பார்ப்பார், மேகத்தோடு எங்கோ போய்விடுவார். திரும்பி வந்ததும் எதையாவது கட்டளையிடுவார். யானையைக் குளிப்பாட்டச் சொன்னாலும் சொல்வார், கோட்டைச் சுவரை இடிக்கச் சொன்னாலும் சொல்வார்.

அவர் அடுக்களையில் செபஸ்தி என்றொருத்தி இருந்தாள். தூத்துக்குடிப் பரதவப் பெண். பன்னிரண்டு வருஷம் அங்கே ஒரு வெள்ளைக்கார வியாபாரி வீட்டில் சமைத்தவள். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் அறியாள். ஆனால் கேட்டுக் கேட்டே அந்தப் பேச்சு அவளுக்குள் இறங்கியிருந்தது. இது துபாஷி அனந்தப்பனுக்கு மட்டும் தெரியும். துரைமார் கடிதங்களை ராஜாவுக்குப் படித்து அர்த்தம் சொல்கிறவர் அவர். தன்னைத் தவிர இன்னொருவருக்கு அந்தப் பாஷை தெரியும் என்பதே அவருக்கு முள்ளாகக் குத்தியது. அவளை வேலையை விட்டுத் துரத்த, ரசம் கசக்கிறது, சோறு குழைகிறது என்று ராஜாவிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஒரு மார்கழிக் காலையில் கடிதம் வந்தது. ஹாலன் துரை என்பவர் முப்பது சிப்பாய்களோடு ஆற்றுக்கு அக்கரையில் கூடாரம் போட்டிருந்தார். அனந்தப்பன் அவையில் கடிதத்தை இங்கிலீஷிலேயே உரக்க வாசித்தார். அதில் ஐந்து இடத்தில் ‘ரவுண்டு’ என்று வந்தது. அவர் இங்கிலீஷ் கற்றது ஒரு வெடிமருந்துக் கிடங்கில். அங்கே ரவுண்டு என்றால் குண்டு. ஆகவே துரை நாடு முழுக்கக் குண்டு போடுகிறார், மலையில் குண்டு, மேசை நிறையக் குண்டு, நாளைக் காலை இங்கே மூன்று குண்டு, அப்புறம் வருஷம் முழுக்கக் குண்டு என்று சொல்லி முடித்தார்.

ராஜா மேகத்திலிருந்து தொப்பென்று விழுந்தார். பீரங்கிகளை ஆற்றங்கரைப் பக்கம் திருப்பச் சொன்னார்.

பலகாரத் தட்டோடு நின்ற செபஸ்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பேசினால் தன் தலை போகலாம். பேசாவிட்டால் ஊரே போகும். தட்டைக் கீழே வைத்தாள்.

“அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம் இல்லை, மகாராஜா.”

கரண்டி எப்போதிலிருந்து இங்கிலீஷ் பேசுகிறது என்று அனந்தப்பன் அவையைப் பார்த்துக் கேட்டார். ஒரே சொல் எப்படி ஐந்தாகும் என்று ராஜாவும் கேட்டார். காலையிலிருந்து மகாராஜா பேசியதையே திருப்பிச் சொல்ல அனுமதி வேண்டும் என்றாள் அவள்.

“ஊரைச் சுத்தி வந்தேன்னு சொன்னீங்க. வந்ததும் தலை சுத்துதுன்னு சொன்னீங்க. தலைப்பாகையை இன்னொரு சுத்துச் சுத்தச் சொன்னீங்க. ஏன் சுத்தி வளைச்சுப் பேசுறீருன்னு துபாஷியைக் கேட்டீங்க. முறுக்கு நாலு சுத்து போதும்னு எனக்குச் சொல்லி அனுப்புனீங்க. சுத்துன்னா முறுக்கு மட்டும்தான்னு படிச்ச ஒருத்தர் இதைக் கேட்டா, மகாராஜா தலையிலயும் முறுக்கு, ஊரெல்லாம் முறுக்குன்னுல்ல எழுதுவாரு?”

அவையில் பலர் அங்கவஸ்திரத்தால் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் கடிதத்தை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒவ்வொன்றாக விளக்கினாள். துரை நாட்டைச் சுற்றிப் பார்க்கிறார். மலையைச் சுற்றிக்கொண்டு வருகிறார். ராஜாவுக்கு வட்ட மேசை ஒன்று கொண்டுவருகிறார். வருஷம் முழுவதும் நட்பாக இருக்க விரும்புகிறார்.

மூன்று ரவுண்டு என்ன ஆயிற்று என்று அனந்தப்பன் பிடித்துக்கொண்டார். அது வேட்டுதான் என்று அவள் மறைக்காமல் ஒப்புக்கொண்டாள். ஆனால் மரியாதைக்காக வானத்தைப் பார்த்துப் போடுகிற வேட்டு. தூத்துக்குடித் துறையில் நூறு தடவை கேட்டிருக்கிறாள். அவ்வளவு நிச்சயமானால் துப்பாக்கிக்கு எதிரே போய் நிற்கட்டுமே என்றார் அனந்தப்பன். ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது.

“நிக்கிறேன் மகாராஜா. மூணு சத்தமும் அடங்குற வரைக்கும் நம்ம பீரங்கிக்கு யாரும் தீ வைக்கக் கூடாது.”

ராஜா வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் விடிந்தபோது ஆறே தெரியவில்லை. நீரும் மணலும் வானமும் ஒரே வெள்ளையாகக் கலந்திருந்தன. செபஸ்தி நடு ஆற்று மணல்திட்டில் ஈரப் புடவையோடு நின்றாள். எதிரே மஞ்சுக்குள் சிப்பாய்களின் சிவப்புச் சட்டைகள் கனவில் வருகிற பூக்கள் மாதிரி தோன்றின, மறைந்தன. முதல் வேட்டு வெடித்தது. எங்கிருந்தோ நூறு கொக்குகள் எழும்பி அவள் தலைக்கு மேலே வெள்ளைக்குள் வெள்ளையாய்க் கரைந்தன. இரண்டாவது வெடித்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது சத்தம் மலையில் மோதி, நெடுநேரம் உருண்டு, மெல்ல அடங்கியது. அதன் பிறகு தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் அவள் கண்ணைத் திறந்தாள். மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ தண்ணீரில் அளைந்து வருவது கேட்டுத் திரும்பினாள். ராஜா. காலில் பாதரட்சை இல்லை. பயமாக இல்லையா என்று கேட்டார்.

“மூணாவது சத்தம் வரைக்கும் இருந்துச்சு மகாராஜா.”

அவர் தம் சால்வையை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். அக்கரையில் சிப்பாய்கள் மேசையை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே செபஸ்தியைத் துபாஷி ஆக்கினார் ராஜா. ஆற்றங்கரையில் ஒரு தென்னந்தோப்பையும் அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தார். அனந்தப்பனை நாட்டை விட்டு அனுப்பிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ராஜா கேட்கவில்லை. இனி அவர் எழுத்தை வாசிக்க வேண்டும், அவள் அர்த்தம் சொல்ல வேண்டும், இருவரும் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அனந்தப்பன் தலை நிமிராமல் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

பங்குனியில் இன்னொரு கடிதம் வந்தது. வாசித்துக்கொண்டே வந்த அனந்தப்பன் ஒரு சொல்லில் நின்றார்.  கடிதத்தை மடியில் வைத்தார்.

“இது எனக்குத் தெரியவில்லை, மகாராஜா.”

ராஜா சாளரத்தைப் பார்க்கவில்லை. தம் கையிலிருந்த பொன்காப்பைக் கழற்றி அனந்தப்பனிடம் நீட்டினார். செபஸ்தி சற்றே நகர்ந்து, அவர் நன்றாக உட்காரப் பாயில் இடம் விட்டாள்.