இழுத்தா வராத கனெக்டர்

தெரியும், தெரியும். முட்டாள் கதைன்னதும் காலை நீட்டி வசதியா உக்காந்துட்டீங்க. ஒரு ராஜா வருவாரு, ஒரு கழுதை வரும், கடைசியில ஒரு நீதியைக் கையில குடுத்து அனுப்புவாங்கன்னு ஒரு நெனப்பு. ராஜா லீவு. கழுதை வேற கதைக்கு வேலைக்குப் போயிருக்கு. நீதி வேணுங்கிறவங்க இப்பவே எழுந்து போயிடலாம், போறப்ப அவங்கவங்க செருப்பையே போட்டுக்கிட்டுப் போங்க. இது கனெக்டர் கதை. வயர் முனையில மாட்டி இறுக்குறோமே, துக்குணூண்டு செம்புக் குழாய், அதோட கதை.

கோணமேட்டுல ஏகாம்பரம்னு ஒருத்தர். ரேஷன் கடையில எடை போடுற உத்தியோகம். ஆனா உசுரு பூரா எலக்ட்ரானிக்ஸ் மேல. வீட்ல சாப்பாட்டு மேஜைன்னு ஒண்ணு உண்டு. அதுல சாப்பாட்டைத் தவிர எல்லாம் இருக்கும். வயரு, ஸ்க்ரூ, ஈயம், செத்துப் போன மூணு ரேடியோ. குடும்பம் தரையில உக்காந்து சாப்பிடும்.

அந்த மேஜையிலதான் கோணமேடு மின்னணு ஆர்வலர் சங்கம் கூடும். ஏகாம்பரம் தலைவர். பிச்சாண்டி, துளசிங்கம், பெரியதம்பி மூணு பேரும் உறுப்பினர்கள். இவங்க செஞ்ச ரேடியோ எதுவும் இதுவரைக்கும் பாடலை. ஆனா யாரையும் கொன்னதும் இல்ல. அந்த ரெண்டாவது விஷயத்தை நாலு பேரும் ரொம்பப் பெருமையா சொல்லிக்குவாங்க.

வந்தது வினை. தண்ணி மோட்டாரைப் போடுறது ஏகாம்பரத்தோட சம்சாரம் கன்னியம்மா. நிறுத்தறது ஏகாம்பரம். அவரு ஈயத்தை உருக்கி ஊதிக்கிட்டு உக்காந்துடுவாரு, மாடி டேங்க் நிரம்பி, பக்கத்து வீட்டு மாடியில எஸ்தர் காய வெச்ச வடாம் மேல அருவியா கொட்டும். எஸ்தரோட வடாம் மறுபடி கூழாயிடும். அன்னிக்கும் அப்படித்தான் ஆச்சு.

கன்னியம்மா கத்தலை. அதுதான் பயம். மெதுவா சொன்னாங்க.

"இந்தா பாருய்யா. டேங்க் நெறைஞ்சா மணி அடிக்கிற மாதிரி ஒண்ணு செய்யி. செஞ்சுட்டா மேஜை உனக்கு. இன்னொரு வாட்டி வழிஞ்சுதுன்னு வெய்யி, மேஜை மேல இருக்கிறது எல்லாம் பழைய இரும்புக்காரனுக்கு. நீ குறுக்க வந்தா நீயும்."

மனுசனுக்கு உலகத்துல இருக்கிறதே அந்த மேஜைதான். சங்கத்தைக் கூட்டிக்கிட்டு நேரா ஷம்சுதீன் பாய் கடைக்கு ஓடினாரு.

பாய் பொறுமைசாலி. தண்ணி நெறைஞ்சா மேல தூக்கி மணியை அடிக்க வைக்கிற மிதவை ஒண்ணு, பேட்டரி மணி ஒண்ணு, மாடியில இருந்து அடுப்படி வரைக்கும் போற மாதிரி வயரு, கனெக்டரை நசுக்கி இறுக்கற கிரிம்பிங் பிளையர், எல்லாம் எடுத்து வெச்சாரு. அப்புறம் சொன்னாரு.

"வயருக்குப் பொருந்துற கனெக்டரா எடுக்கணும். முனையில கொஞ்சம் உரிக்கணும். உள்ள விட்டு நல்லா இறுக்கணும். இறுக்குனதும் இழுத்துப் பாக்கணும், கையோட வந்துட்டா வேலை சரியில்லைன்னு அர்த்தம். அவ்ளோதான். கொழந்தைகூட செய்யும்."

கொழந்தை செய்யும். இவங்க சங்கமாச்சே. இத்தனையும் மறந்துபோயிடுமேன்னு தெருவுலயே நின்னு அவசரக் கூட்டம் போட்டாங்க. ஆளுக்கு ஒரு வாக்கியம்னு பிரிச்சாங்க. பொருந்துறது பிச்சாண்டிக்கு. உரிக்கிறது துளசிங்கத்துக்கு. இறுக்குறது ஏகாம்பரத்துக்கு. இழுக்குறது பெரியதம்பிக்கு, ஏன்னா உடம்பு அவனுக்குத்தான். அவனவன் வாக்கியத்துக்கு அவனவன் பொறுப்பு, அடுத்தவன் வாக்கியத்துல மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு தீர்மானம்.

பிச்சாண்டி மட்டும் கடைக்குத் திரும்பிப் போயி கனெக்டர் வாங்கிக்கிட்டு ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தான். ஒண்ணு ஒண்ணும் லாரி பேட்டரிக்குப் போடுற சைஸு. வயரை உள்ள விட்டா ஊஞ்சல் ஆடுது.

"இன்னாடா இது? பொருந்துதான்னு வயரை வெச்சுப் பாத்தியா?"ன்னாரு ஏகாம்பரம்.

"வயரு இங்க இருந்துச்சே."

"எடுத்துட்டுப் போறது!"

"வயரை எடுத்துட்டுப் போற வாக்கியம் யாருதுப்பா?"ன்னு பிச்சாண்டி சபையைப் பாத்துக் கேட்டான்.

அப்படி ஒரு வாக்கியமே பாய் சொல்லலை. நியாயம் பிச்சாண்டி பக்கம்.

"சின்னதா இருந்தா வயரு போவாது. பெருசா இருந்தா போவும். போச்சா இல்லையா?"

போச்சு. ரெண்டு பக்கமும் போச்சு.

அடுத்து துளசிங்கம். மாடி டேங்க்ல இருந்து அடுப்படி வரைக்கும் வயரை இழுத்து விட்டு, அடுப்படி முனையில பிளேடை வெச்சு உரிச்சான். விரல் நீளத்துக்குத் தோல் வந்துடுச்சு. உத்துப் பாத்தான்.

"பாய் கொஞ்சம்னாரு. இது கொஞ்சத்துக்கு மேல."

"கொஞ்சம்னா எவ்ளோடா?"ன்னாரு ஏகாம்பரம்.

"எங்க வீட்ல கொஞ்சம் சோறு போடுன்னா குண்டான் காலியாவும்"ன்னான் பெரியதம்பி.

"அது உன் கொஞ்சம். நான் பாயோட கொஞ்சத்தைச் சொல்றேன்"ன்னு அந்த முனையை வெட்டி எறிஞ்சான் துளசிங்கம். மறுபடி உரிச்சான். கம்மியாத் தெரிஞ்சுது. வெட்டினான். உரிச்சான். வெட்டினான். அவன் மனசுக்குப் பிடிச்ச கொஞ்சம் கெடைக்கிறதுக்குள்ள வயரு அடுப்படியில இருந்து நடையைத் தாண்டி மாடிப்படிக்குப் போயிடுச்சு.

"மணியை அடுப்படியில மாட்டணுமே"ன்னாரு ஏகாம்பரம்.

"படியில மாட்டினா காத்தோட்டமா இருக்கும்"ன்னான் பிச்சாண்டி.

ஏகாம்பரம் இறுக்கினாரு. பெரியதம்பி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, ஒரு காலைச் சொவத்துல ஊணி, தேர் வடம் புடிக்கிற மாதிரி இழுத்தான். கனெக்டர் கையோட வந்துச்சு.

"சரியில்ல"ன்னு தூக்கிப் போட்டான்.

"டேய், பாய் லேசா இழுக்கச் சொல்லியிருப்பாருடா!"

"லேசாங்கிற வார்த்தை என் வாக்கியத்துல இல்லையே தலைவரே."

வெட்டு, உரி, இறுக்கு, இழு. மறுபடி வந்துச்சு. மறுபடி வெட்டு. நடுவுல ஒண்ணு, எப்படியோ தெரியலை, பெரியதம்பி இழுப்புக்கு வராம நின்னுடுச்சு. ஏகாம்பரம் கண்ணுல தண்ணி.

"நிக்குதுடா! விட்டுடுறா!"

"எவ்ளோ நேரம் நிக்கும்னு தெரிய வேணாமா?"ன்னு பெரியதம்பி இன்னொரு காலையும் சொவத்துல ஊணினான். பட்டுனு ஒரு சத்தம். அவன் துளசிங்கம் மேல விழுந்தான். எழுந்து கையில இருந்த கனெக்டரைக் காட்டினான்.

"பாத்தியா? எனக்கு மொதல்லயே சந்தேகம்."

இப்படியே மணி படிப்படியா மேல ஏறுச்சு. கடைசியா பாத்தா வயரு முழம் நீளம்தான் பாக்கி. மணி மொட்டை மாடியில, டேங்க் மூடிக்குப் பக்கத்துல தொங்குது. பையில ஒரே ஜோடி கனெக்டர்.

அப்பத்தான் பிச்சாண்டிக்கு அறிவு பொத்துக்கிட்டு வந்துச்சு.

"தோலை உரிக்கிறதாலதான் வயரு ஒல்லியாவுது. ஒல்லியாவறதாலதான் உருவிக்கிட்டு வருது. தோலோட விட்டுப் பாருங்க, கச்சிதமா உக்காரும்."

"ஒத்துக்க மாட்டேன். கொஞ்சமாவது உரிச்சாவணும்"ன்னான் துளசிங்கம். வாக்கியம் அவனுது இல்லையா? ரொம்ப நேரம் வாக்குவாதம். கடைசியில துளசிங்கம் நகத்தால வயரை லேசா ஒரு கீறு கீறினான். "ம். உரிச்சாச்சு. இதைவிடக் கொஞ்சம் உலகத்துலயே கெடையாது."

ஏகாம்பரம் தோலோட சேத்து இறுக்கினாரு. தோலை உரிச்சாத்தான் கரண்ட் போவும்ங்கிறது யாரோட வாக்கியத்துலயும் இல்ல. பெரியதம்பி இழுத்தான். ரெண்டு காலையும் ஊணி இழுத்தான். டேங்க்கே ஒரு ஆட்டம் ஆடுச்சு. கனெக்டர் வரலை! நாலு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. பிச்சாண்டி டேங்க்குக்குச் சூடம் காட்டினான்.

"கன்னியம்மா, மோட்டாரைப் போடு!"ன்னு மேல இருந்து ஏகாம்பரம் குரல் குடுத்தாரு. "மணி சத்தம் கேட்டா நிறுத்திடு!"

மோட்டார் ஓடுச்சு. நாலு பேரும் மணியைச் சுத்தி உக்காந்து அதையே பாத்தாங்க. பக்கத்து மாடியில எஸ்தர் புதுசா வடாம் புழிஞ்சுக்கிட்டே இவங்களைப் பாத்தாங்க. தண்ணி ஏறுச்சு. மிதவை தூக்குச்சு. தண்ணி விளிம்புக்கு வந்துடுச்சு.

மணி அடிக்கலை.

"டேய், நெறைஞ்சுடுச்சுடா!"ன்னாரு ஏகாம்பரம்.

"நெறையலை"ன்னான் துளசிங்கம். "நெறைஞ்சா மணி அடிச்சிருக்கும்."

"கண்ணால பாக்குறேன்டா!"

"கண்ணை எவன் இழுத்துப் பாத்தான்? கனெக்டரை நான் இழுத்துப் பாத்திருக்கேன்"ன்னான் பெரியதம்பி.

தண்ணி விளிம்புல தளும்புது. ஏகாம்பரத்துக்கு மேஜை கண்ணு முன்னாடி தெரிஞ்சுது. தராசுல ஏத்தியாச்சு. மூணு ரேடியோவும் கோணிப் பையில. பழைய இரும்புக்காரன் வாயில பீடி. அதுக்கு மேல மனுசனால தாங்க முடியலை. கண்ணை இறுக்கி மூடினாரு. வாயைத் தொறந்தாரு.

"ட்ரிங்ங்ங்ங்ங்ங்ங்!"

கீழ மோட்டார் டப்புனு நின்னுச்சு. ஒரு சொட்டு வழியலை.

"ஐயய்யோ, அடிக்குதுய்யா!" கன்னியம்மா குரல்ல கல்யாணமான நாள்ல இருந்து கேக்காத சந்தோஷம். "நெஜமாவே அடிக்குது! மேஜை உனக்குத்தான்யா! இன்னும் கொஞ்சம் அடிக்க விடு, கேப்போம்!"

"ட்ரிங்ங்ங்... ட்ரிங்... ங்ங்..."

"ஏன்யா விட்டு விட்டு அடிக்குது?"

"லூஸ் கனெக்ஷன்!"ன்னு துளசிங்கம் கீழ பாத்துச் சொன்னான். அப்புறம் மணிகிட்ட காதை வெச்சு, மொகத்தைச் சுளிச்சான். "சத்தம் இங்க இருந்து வர்ற மாதிரியே இல்லையே."

"ட்ரிங்... க்ஹும்! க்ஹும்! ட்ரிங்..."

"மணி இருமுதே?"

"புது மணிம்மா, பனி ஒத்துக்கலை!"ன்னான் பிச்சாண்டி.

பெரியதம்பி யோசிச்சான். சத்தம் எங்க இருந்து வருதோ அங்கதானே இறுக்கம் பத்தலை? வேட்டியை மடிச்சுக் கட்டினான். ஏகாம்பரத்தோட காதைப் புடிச்சு, டேங்க்ல ஒரு காலை ஊணி, இழுத்தான்.

"ட்ரிஇஇஇஇ... ஐயோ அம்மா!"

எஸ்தர் வடாம் மாவோட கைப்பிடிச் சொவரை எட்டிப் பாத்துக் கூவினாங்க.

"ஏய் கன்னியம்மா! அங்க அடிக்கிறது மணி இல்லடீ, உன் வீட்டுக்காரரு!"