பின்னால் நிற்பவனின் தோள்

“வேலாண்டிக்குத் தோளு போச்சு, அம்மை. நாளைக்கழிச்சு அவனைத் தண்டுல நிறுத்தலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

கேட்டவர் ஆவுடையப்பன். ஆற்றங்கரைக் கோயிலில் சாமியின் சப்பரத்தைத் தோளில் சுமக்கும் எட்டுப் பேருக்குத் தலைவர். வயது ஐம்பத்தொன்று. சப்பரத்தைத் தாங்கும் இரண்டு தண்டு மரங்களில், இருபத்தாறு வருஷமாக வலது தண்டின் முதல் ஆள். வேலாண்டி அவருக்கு நேர் பின்னால் நிற்பவன்.

கேட்கப்பட்டவள் வடிவம்மை. கோயில் நந்தவனத்தில் பூக்கட்டுகிறவள். வயதில் அவரைவிட நான்கு குறைவு. ஆனாலும் ஊரில் தீராத சங்கதி எதுவானாலும் கடைசியில் அவளிடம்தான் போகும். அவள் அதிகம் பேசமாட்டாள். பேசியதை யாரும் தட்டியதில்லை.

அன்றும் அவள் தலை நிமிரவில்லை. நாரில் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.

“காலைல பாயை விட்டு எந்திரிக்கும்போது எந்தக் கையை ஊணுதீய?”

“நான் வேலாண்டியைப் பத்திக் கேக்கேன்.”

“நானும் அவனைப் பத்தித்தான் கேக்கேன்.”

ஆவுடையப்பன் மனசுக்குள் ஒருமுறை படுத்து எழுந்து பார்த்தார்.

“ரெண்டு கையையும் ஊணுவேன்.”

“முன்னாடி?”

“முன்னாடி கையை ஊணுனதே இல்ல.”

“எந்திரிச்சு எத்தனை எட்டு வச்ச பிறகு முட்டி இளகுது?”

“பத்து எட்டு இருக்கும். ஐம்பதைத் தாண்டினா எல்லாருக்கும் அப்படித்தான? பழைய கதவு சத்தம் போடாம திறக்குமா?”

“பத்தா?”

அவர் சற்று யோசித்தார்.

“பதினாலு.”

வடிவம்மை இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

“நந்தவனத்துக்குள்ள இறங்க அஞ்சு படி. அஞ்சுலயும் வலது காலைத்தான் முதல்ல வச்சீய. வச்சிட்டு, இடது காலைப் பக்கத்துல கொண்டுவந்து சேர்த்தீய.”

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார்.

“சாமி தோட்டத்துக்குள்ள வலது காலை வச்சு வாறது ஒரு குத்தமா, அம்மை?”

அவள் சிரிக்கவில்லை.

“நாளைக்கு வெள்ளோட்டத்துக்கு நான் வாறேன்,” என்றாள்.

அவள் நந்தவனத்தைத் தாண்டி வந்து ஒத்திகை பார்த்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

*

வருஷத்துக்கு ஆறு தடவை சாமி தீர்த்தவாரிக்கு, ஆற்றில் நீராட, இறங்குவார். கோயில் வாசலிலிருந்து தண்ணீர் வரை நாற்பத்தெட்டுப் படி. ஏறும்போது பாரம் பின்னால் நிற்பவர்களுக்கு. இறங்கும்போது முன்னால் நிற்பவர்களுக்கு. எட்டுத் தோளில் ஒன்று நழுவினாலும் மீதி ஏழு தாங்காது. கீழே இரண்டு கரையிலும் சனம் நிற்கும். இதுவரை ஒருமுறையும் நழுவியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆவுடையப்பன் அந்த இறக்கத்துக்கு ஒரு புது நடை கொண்டுவந்தார். ஒவ்வொரு படியிலும் வலது காலை வைத்து, இடது காலைச் சேர்த்து, ஒரு கணம் நின்று, பிறகு அடுத்த படி. மற்ற ஏழு பேரும் அப்படியே பழகிக்கொண்டார்கள். மேளக்காரர் அதற்கென்று ஒரு தாளமே கட்டினார். சாமி அன்னம் போல இறங்குகிறார் என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கேட்டு ஆவுடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது.

வேலாண்டியின் தோள் நோகத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். முதலில் ராத்திரி அந்தப் பக்கமாகப் படுக்க முடியவில்லை. பிறகு கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. இப்போது தலைப்பாகையை அவன் மனைவிதான் கட்டிவிடுகிறாள். இதை அவன் சொல்லவில்லை. ஊர் சொன்னது.

“இந்த ஒரு வருஷம் மட்டும் என்னைத் தண்டுலேர்ந்து இறக்கிறாதீங்க, அண்ணாச்சி,” என்று மட்டும் கேட்டிருந்தான். “எங்க அப்பா நின்ன இடம்.”

*

மறுநாள் விடிந்து இரண்டு நாழிகை. சாமி இருக்க வேண்டிய பீடத்தில் ஆறு மணல் மூட்டை. வடிவம்மை மூட்டைக்கு மேல் ஒரு பித்தளைச் செம்பை வைத்தாள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினாள்.

“மணல் மூட்டைக்குத் தாகமா தாயி?” என்றான் சுடலைக்கண்ணு. எட்டுப் பேரில் யாருக்காவது முடியாமல் போனால் தோள் கொடுக்கும் ஒன்பதாவது ஆள். வாய் மட்டும் எப்போதும் முதல் ஆள்.

“இறங்குங்க,” என்றாள் அவள்.

இறங்கினார்கள். வலது காலை வைத்து, இடது காலைச் சேர்த்து, நின்று, அடுத்த படி.

நாற்பத்தெட்டாவது படியில் அவள் செம்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். நான்கு விரல் குறைந்திருந்தது.

“ஏலே வேலாண்டி! இங்கயே தீர்த்தவாரி முடிஞ்சுபோச்சுலே! இனி ஆறு எதுக்கு?” என்றான் ஒருவன்.

“அவன் தோளு தோளா அது? துணி காயப்போடுத கொடி,” என்றான் இன்னொருவன்.

வேலாண்டி தலையைக் குனிந்துகொண்டான். ஆவுடையப்பன் வடிவம்மையைப் பார்த்தார். பாத்தீயளா என்று அவர் கண் கேட்டது.

அவள் செம்பை மறுபடி நிரப்பினாள். சப்பரத்தை மேலே கொண்டுபோகச் சொன்னாள்.

“இந்தத் தடவை ஒரு ஆள் மாறணும்.”

“வேலாண்டி, நீ வெளிய வாலே,” என்றார் ஆவுடையப்பன்.

“அவன் நிக்கட்டும். நீங்க வந்து என் பக்கத்துல நில்லுங்க. உங்க இடத்துல சுடலைக்கண்ணு.”

மற்றவர்கள் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். சுடலைக்கண்ணு மட்டும் சும்மாட்டுத் துணியைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தான்.

“முன்னாலேயே சொல்லிட்டேன். எனக்கு அன்ன நடை எல்லாம் வராது. மாடு தண்ணிக்கு இறங்குத மாதிரித்தான் இறங்குவேன்.”

“அப்படியே இறங்கு,” என்றாள் வடிவம்மை.

ஆவுடையப்பன் கடைசிப் படியில், தண்ணீரில் கால் நனைய நின்றார்.

இருபத்தாறு வருஷத்தில் சப்பரம் இறங்கி வருவதை அவர் ஒருநாளும் எதிரில் நின்று பார்த்ததில்லை. சுமக்கிறவனுக்கு அது கிடைக்காது.

வந்தது.

பதினாறு கால். ஆனால் கண்ணுக்கு ஒரு பிராணிதான் தெரிந்தது. பெரிய, அவசரமில்லாத பிராணி. ஒரு படிக்கு ஒரு கால், அடுத்த படிக்கு அடுத்த கால். தண்டு இரண்டும் நீர்மட்டம் போல வந்தன. சுடலைக்கண்ணுவின் பின்னால் வேலாண்டி நிமிர்ந்து வந்தான். அவன் கழுத்து ஒரு பக்கமும் சாயவில்லை. அவன் இவ்வளவு உயரம் என்பதையே ஆவுடையப்பன் மறந்திருந்தார்.

செம்பு அவர் முன்னால் வந்து நின்றது. விளிம்பு வரை தண்ணீர். அதில் விடிகாலை வானம் அசையாமல் கிடந்தது.

ஒருவரும் கேலி பேசவில்லை.

ஆவுடையப்பன் செம்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஆனாலும் கணக்கை ஒருமுறை பார்த்து ஒப்புகிறவர் அல்ல அவர்.

“இன்னொருக்கா,” என்றார். “நான் நிக்கேன். பழைய நடையே நடக்கேன்.”

*

மூன்றாவது தடவை.

ஒரு படிக்கு ஒரு கால். எட்டுப் படி சரியாக வந்தது. ஒன்பதாவது படியில் இடது காலைக் கீழே எடுக்க வேண்டும். அதற்கு வலது முட்டி மடிந்து, மொத்தப் பாரத்தையும் ஒரு மூச்சு நேரம் தனியாகத் தாங்க வேண்டும்.

முட்டி மாட்டேன் என்றது.

வலியில்லை. வேலைக்காரன் ஒருவன் முதலாளிக்குத் தெரியாமல் கையை எடுத்துக்கொள்வது போல, வெறுமனே விலகியது. அவருடைய தோள் ஒரு விரல் தாழ்ந்தது. தண்டும் அதோடு இறங்கப் பார்த்தது.

இறங்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு சின்ன முனகல் கேட்டது. தண்டு அதே உயரத்தில் நின்றது.

பத்தாவது படி. வலது காலையே முதலில் வைத்துப் பார்த்தார். அப்போதும் தோள் தாழ்ந்தது, நூலளவு. பின்னால் முனகல். தண்டு நின்றது.

பதினொன்று. முனகல்.

அவர் எண்ணத் தொடங்கினார். மேளம் இல்லாததாலும், இப்போதுதான் காதைப் பின்னால் கொடுத்ததாலும் கேட்டது. இத்தனை நாளும் மேளம் இருந்தது.

கடைசிப் படி வரை நாற்பது முனகல்.

சப்பரத்தை இறக்கி வைத்தார்கள். செம்பை அவர் பார்க்கவில்லை.

வடிவம்மை இடுப்பிலிருந்து ஒரு வாழைநாரை உருவிக் கொடுத்தாள்.

“இடது தொடையைச் சுத்தி அளந்து முடிச்சுப் போடுங்க. பிறகு வலது தொடைக்குக் கொண்டுபோங்க.”

அவர் திரும்பி நின்று அளந்தார். வலது தொடையில் நார் தொளதொளத்தது. முடிச்சுக்கு இரண்டு விரல் முன்னாலேயே சதை முடிந்திருந்தது.

மறுபடி அளந்தார். இரண்டு விரல்தான்.

“எனக்கு வலிக்கவே இல்லையே, அம்மை.”

“உங்களுக்கு வலிக்கல,” என்றாள் வடிவம்மை.

சில படி மேலே வேலாண்டி உட்கார்ந்திருந்தான். இடது கையால் வலது தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தான்.

வருஷத்துக்கு ஆறு இறக்கம். இரண்டு வருஷத்துக்குப் பன்னிரண்டு. பன்னிரண்டு நாற்பத்தெட்டு ஐந்நூற்று எழுபத்தாறு. வெள்ளோட்டங்களைச் சேர்க்காமல், தெருவலத்தைச் சேர்க்காமல்.

ஐந்நூற்று எழுபத்தாறு என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். ஏதோ ஒரு மந்திரத்தைச் சொல்வது போலச் சொன்னார். தன் உடம்புக்குள் நடந்தது தனக்குத் தெரியாமல் இன்னொரு உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. சப்பரத்தைத் தொடுவதற்கே பயமாக இருந்தது.

“நான் திரும்பத் தண்டுக்கு வருவேனா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“சாமி விழுந்த பிறகு தெரியாம, முன்னாலேயே இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு.”

“அதனால?”

“அந்த ரெண்டு விரலையும் வளத்துட்டு வாங்க.”

வடிவம்மை செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை ஆற்றில் கொட்டினாள். பூப்பறிக்க நேரமாகிறது என்று போய்விட்டாள்.

*

ஆவுடையப்பன் படி ஏறினார். இந்தத் தடவை எந்தக் கால் முந்துகிறது என்று பார்த்துக்கொண்டே ஏறினார்.

வேலாண்டி எழுந்தான். தோளிலிருந்த சும்மாட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

“நாளைக்கு யாரை நிறுத்துதீயளோ, அவருக்குக் குடுத்திருங்க, அண்ணாச்சி. நான் கரையில நின்னு கும்பிட்டுக்கிடுதேன்.”

ஆவுடையப்பன் வாங்கவில்லை.

“நாளைக்கு நீ உன் இடத்துல நில்லு. முன்னால சுடலைக்கண்ணு நிப்பான்.”

“அப்போ நீங்க?”

அவர் படியில் உட்கார்ந்தார். உட்காரும்போது வலது கால் தானாக நீண்டுகொண்டது. அதை அவரும் பார்த்தார், வேலாண்டியும் பார்த்தான்.

கீழே சுடலைக்கண்ணு நாளைக்கே மகுடம் சூட்டப்போகிற மாதிரி கையை வீசி நடந்து காட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“எத்தனை நாளாத் தூக்கிட்டு வாறேலே?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“சாமியையா, அண்ணாச்சி?”

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

வேலாண்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தான்.

“ரெண்டு வருஷமா,” என்றான். “முதல்ல, சாமிதான் கனம் கூடிட்டாருன்னு நெனச்சேன்.”