பைரவருக்கு விட்ட நாய்

"நாய் பைரவருக்கு வாகனந்தானே சாமி?" என்று கேட்டார் குற்றாலிங்கம்.

"ஆமா."

"அப்போ ஒரு நாயைக் கொண்டாந்து அவரு வாசல்ல விட்டா புண்ணியந்தானே?"

சாமி நாயைப் பார்த்தார். செவலை நிறம், எட்டு வயது. கழுத்தில் செவ்வரளி மாலை. நெற்றியில் மஞ்சள், அதன்மேல் குங்குமம்.

"என்ன செஞ்சுது?"

"யாரு சாமி?"

"வாகனம்."

குற்றாலிங்கம் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் செய்யல. மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா. வீட்டுல இடம் பத்தல. அதான்."

"ஓகோ" என்றார் சாமி.

ஊரில் அவரைக் கண்டக்டர் சாமி என்பார்கள். இருபது வருடம் பஸ்ஸில் விசில் ஊதியவர். ஒரு நாள் டிக்கெட் பையை டெப்போவில் ஒப்படைத்துவிட்டு, மலையடிவாரத்துப் பைரவர் மடத்தில் வந்து உட்கார்ந்தார். குற்றாலிங்கத்தைவிடப் பத்து வயது சிறியவர். இருந்தாலும், பன்னிரண்டு வருடமாக ஒரு தேய்பிறை அஷ்டமி தவறாமல் வந்து அவர் காலில் விழுகிறவர் குற்றாலிங்கம்.

வீட்டில் நடந்தது வேறு.

குற்றாலிங்கம் பத்திரம் எழுதுகிறவர். இரண்டே அறை உள்ள வீடு. மகள் வடிவு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் பிள்ளை. பிறந்து நாற்பத்தெட்டு நாள்.

பிள்ளை அழுதபோதெல்லாம் நாய் எழுந்து நின்று தொட்டிலையே பார்த்தது. பாசம் என்றார் குற்றாலிங்கம்.

பிறகு உறுமியது. பொறாமை என்றார்.

போன வாரம் தொட்டில் சேலையைக் கவ்வி இழுத்தது. விளையாட்டு என்றார்.

முந்தாநாள் பாய்ந்தது. வடிவு கையைக் குறுக்கே நீட்டினாள். பிள்ளைக்குப் போக வேண்டிய பல் அவள் முழங்கைக்குக் கீழே இறங்கியது. அதற்கு என்ன பேர் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் குட்டியைப் பள்ளிக்கூடப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவள் வடிவுதான். துரை என்று பேர் வைத்தவளும் அவள்தான். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவள் அழவில்லை.

"நீங்க ஒரு முடிவு பண்ணுங்கப்பா. இல்லேன்னா நான் பிள்ளையத் தூக்கிட்டு எங்க வீட்டுக்குப் போயிருதேன்."

எங்க வீடு என்று அவள் சொன்னது மாமியார் வீட்டை.

கால்நடை டாக்டர் இரண்டு வழி சொன்னார். சின்னப் பிள்ளைகள் காலே வைக்காத இடமாகப் பார்த்து, நடந்ததைச் சொல்லிக் கொடுப்பது ஒன்று. ஊசி போட்டு முடித்துவிடுவது இன்னொன்று.

"எதுன்னாலும் சீக்கிரம் செய்யுங்க. ஒவ்வொரு தடவையும் கை குறுக்க வராது" என்றார்.

குற்றாலிங்கம் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். நாய்க்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

"சரி, கட்டும்" என்றார் சாமி.

"எங்க சாமி?"

"இந்தத் தூண்ல. சன்னதிக்கு நேரா."

"பின்னால கிணத்தடியில கட்டுதேனே. நிழலா இருக்கும்."

"வாகனத்தைக் கொண்டுபோயி கிணத்தடியில கட்டுவாங்களா வே?"

குற்றாலிங்கம் தூணில் கட்டினார். சாமி எழுந்து வந்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். தூணைச் சுற்றி இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிக் கயிற்றைக் குறுக்கினார். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அஷ்டமிக் கூட்டம் வரத் தொடங்கியது. பைரவருக்குச் சாத்திய வடைமாலையிலிருந்து யாரோ ஒரு வடையைப் பிய்த்துப் போட்டார்கள். நாய் சாப்பிட்டது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சாட்சாத் பைரவரேதான். அந்தக் கண்ணப் பாரு" என்றாள் ஒருத்தி.

"எங்க அத்தை பாக்கிற மாதிரியே பாக்குது" என்றாள் பக்கத்தில் நின்றவள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

குற்றாலிங்கத்துக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு நாளாக இல்லாத சிரிப்பு. முகம் கழுவிக்கொண்டார். திருநீறு பூசிக்கொண்டார். பதினொன்றே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். பைரவரே ஏத்துக்கிட்டாரு என்று வடிவிடம் சொல்லலாம்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள், அந்தப் பிள்ளையை ஒரு அஷ்டமிக்குக் கொண்டுவந்து, சன்னதிக்கு முன்னால் துண்டு விரித்துக் கிடத்தி எடுக்க வேண்டும். குற்றாலிங்கம் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துவருவதுதான். அன்று காலையில் நாய்க்கு மாலை போட்டபோது அது நினைவுக்கு வந்ததா, வரவில்லையா என்று பிறகு அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு பெண் வந்தாள். கையில் மூன்று மாதப் பிள்ளை. புருஷன் பின்னால் புதுத் துண்டோடு வந்தான்.

"அண்ணாச்சி, உங்க நாயா?"

"பைரவருக்கு விட்டாச்சும்மா."

"நல்ல லட்சணமா இருக்கு. பிள்ளை கையால ஒரு தடவ தொட வச்சுக்கிடட்டுமா?"

குற்றாலிங்கம் சாமியைப் பார்த்தார். சாமி குற்றாலிங்கத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் செய்யாதுல்லா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

எட்டு வருடமாக அவர் வீட்டு வாசலில் நின்று எல்லாரும் கேட்ட கேள்விதான். பால்காரர் கேட்டார், தபால்காரர் கேட்டார், சிலிண்டர் போடுகிறவர் கேட்டார். எல்லாருக்கும் ஒரே பதில்தான்.

"ஒண்ணும் செய்யாதும்மா" என்றார் குற்றாலிங்கம்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. நிலத்தைக்கூடப் பார்க்காமல் 'யாதொரு வில்லங்கமும் இல்லை' என்று பத்திரத்தில் எழுதுகிற கை அவருடையது. வாயும் அதே பழக்கத்தில் சொல்லிவிட்டது.

இன்னொரு வடையை மென்றுகொண்டிருந்த நாய் நிறுத்தியது. வால் ஆடவில்லை. வாய் மூடிக்கொண்டது. முந்தாநாளும் இப்படித்தான் மூடியது.

புருஷன் துண்டை விரித்தான். அந்தப் பெண் குனிந்தாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொன்னால் பஸ் போய்விடும். நாயோடு திரும்ப வேண்டும்.

"தாயி" என்றார் சாமி. எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. "பிள்ளைய இங்க கொடு."

அவள் நிமிர்ந்து பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு சன்னதிப் படிக்குப் போனார். இடம் மாறியதில் பிள்ளை சிணுங்கியது.

நாய் பாய்ந்தது.

குறுக்கிய கயிறு அதைப் பாதியில் பிடித்து இழுத்தது. முன்னங்கால் இரண்டும் காற்றில் நின்றன. மாலை அறுந்து பூ சிதறியது. வெறும் காற்றில் பல் கடிபடும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அந்தப் பெண் குற்றாலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீரே! நீரும் பிள்ளை பெத்த மனுசன்தானா?"

"ஏலா, விடு. பைரவருக்கு ஏதோ கோவம்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"பைரவருக்கு ஒரு கோவமும் இல்ல. இந்த ஆளு பொய்யச் சொல்லிக் கொண்டாந்து கட்டியிருக்காரு" என்றான் புருஷன். துண்டை உதறித் தோளில் போட்டான்.

சாமி பிள்ளையைத் தாயிடம் கொடுத்து வெளியே அனுப்பினார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குற்றாலிங்கத்தின் முன்னால் வைத்தார்.

"துடையும்."

"எதை சாமி?"

"பொட்டை."

குற்றாலிங்கம் துண்டை நனைத்து நாயின் நெற்றியைத் துடைத்தார். குங்குமம் போயிற்று. மஞ்சள் போக நேரமானது. நாய் அவர் மணிக்கட்டை நக்கியது. எல்லாம் போன பிறகு அங்கே நின்றது துரைதான்.

"தெரிஞ்சேதான் இங்க கட்டச் சொன்னீங்களா சாமி?"

"தெரிஞ்சேதான கொண்டாந்தீரு."

"அந்தப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

குற்றாலிங்கம் நாயை அவிழ்த்துக்கொண்டு செருப்பு விடும் இடத்தில் போய் உட்கார்ந்தார். போனை எடுத்தார்.

தென்னந்தோப்பு வைத்திருக்கிற நண்பரை முதலில் கூப்பிட்டார்.

"கடிக்குமா?" என்றார் நண்பர்.

"பெரியவங்களை ஒண்ணும் செய்யாது. சின்னப் பிள்ளைன்னா கடிக்கும். மக கையக் கடிச்சிட்டு."

"தேங்கா வெட்ட வாறவங்க பிள்ளைகளையும் கூட்டிட்டுத்தான் வாறாங்க குற்றாலம். என்னால முடியாதுப்பா."

செங்கல் சூளைக்காரரைக் கூப்பிட்டார். அவருக்கும் உண்மையைச் சொன்னார். சூளையில் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள்.

வாட்ச்மேன் வேலை பார்க்கிற மைத்துனரைக் கூப்பிட்டார். "அத்தான், வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

பதினொன்றே முக்கால் பஸ் போயிற்று. நாய் அவர் முழங்கால் மேல் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தது.

நான்காவதாக டாக்டரைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குக் கொண்டாங்க" என்றார் டாக்டர். "தலையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். வழக்கமா வீட்டுக்காரங்க உள்ள வரமாட்டாங்க. யாரையாச்சும் கூட்டிட்டு வந்துருங்க."

குற்றாலிங்கம் நாயை இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குத் திரும்பினார். கூட்டம் போயிருந்தது. சாமி சிதறிய பூவைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, நாளைக்குக் காலையில நீங்க ஒரு எட்டு வரணும்."

"எதுக்கு?"

"ஊசி போடுறாங்க. அந்த நேரத்துல உங்க கை அது தலையில இருந்தா நல்ல கதி கிடைக்கும். நான் வெளிய நின்னுக்கிடுதேன்."

சாமி துடைப்பத்தை நிறுத்தினார்.

"அதுக்கு என்னைத் தெரியாதே வே."